மோதிரம் மஞ்சளாகிவிட்டது என்று வருகிறவர்களுக்கு

புதுச்சேரியில் நிச்சயதார்த்த மோதிரம் என்றாலே இப்போது நிறைய பேர் வெள்ளைத் தங்கம்தான் கேட்கிறார்கள். நடுவில் ஒரு வைரம், வசதி இருந்தால் சுற்றிலும் பொடி வைரம். சிலர் ஜாதகம் பார்த்து நீலமோ மாணிக்கமோ வைக்கிறார்கள். ஒன்றிரண்டு வருஷம் கழித்து அதே மோதிரம் எங்கள் பட்டறைக்கு வருகிறது. கொண்டு வருகிற பெண் அதைக் கழற்றி என் முன்னால் வைத்து, "அக்கா, ஏமாத்திட்டாங்க. பாருங்க, உள்பக்கம் மஞ்சளாத் தெரியுது" என்று சொல்லும்போது பாதி கோபம், பாதி அழுகை. மாப்பிள்ளை வீட்டில் போட்ட மோதிரமாக இருந்தால் கவலை இன்னும் கூடுதல், வீட்டில் யாரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நேராக இங்கே வந்திருப்பாள்.

பெரும்பாலும் யாரும் ஏமாற்றியிருக்க மாட்டார்கள். ஆனால் விற்றவர்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை, அதில் எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு.

என் மாமனார் முத்தியால்பேட்டையில் பட்டறை வைத்திருந்த பத்தர். இப்போது என் வீட்டுக்காரர் பார்க்கிறார், ஆனாலும் கல் விஷயம் என்றால் மாமாவைக் கேட்காமல் எதுவும் நடக்காது. நகையை வாங்கி, எடை போட்டு, சீட்டு எழுதி, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுப்பது என் பொறுப்பு. அப்படி உட்கார்ந்து பார்த்ததில் எனக்குப் பட்டது ஒன்றுதான். நம் அம்மாக்களும் பாட்டிகளும் 22 காரட் மஞ்சள் நகைக்கு என்னென்ன செய்தார்களோ, அதையே வெள்ளைத் தங்கத்துக்கும் கல் நகைக்கும் செய்கிறோம். திருநீறு போட்டுத் தேய்ப்பது, பூந்திக் கொட்டைத் தண்ணீரில் கொதிக்க விடுவது, எல்லா நகையையும் ஒரே டப்பாவில் கொட்டி வைப்பது, போட்ட நகையைக் கழற்றாமலே குளித்து, சமைத்து, பாத்திரம் தேய்த்துத் தூங்குவது. கல் இல்லாத 22 காரட் வளையல் இதையெல்லாம் தாங்கும். மற்றது தாங்காது.

முதலில் உலோகத்தைச் சொல்லிவிடுகிறேன். சுத்தத் தங்கம் மஞ்சள்தான். அதோடு பல்லாடியமோ நிக்கலோ, கூடவே கொஞ்சம் வெள்ளி, துத்தநாகம் என்று சேர்த்து உருக்கினால் மஞ்சள் வெளுக்கும். வெளுத்துச் சாம்பல் கலந்த ஒரு நிறத்துக்கு வரும், அவ்வளவுதான். 18 காரட் என்றால் ஆயிரத்தில் 750 பங்கு தங்கம், மிச்சமிருக்கிற 250 பங்குக்குள்தான் இந்த வெளுக்கிற வேலை நடந்தாக வேண்டும். சிலர் கடையில் போய் 916-ல், அதாவது 22 காரட்டில், வெள்ளைத் தங்கம் கேட்கிறார்கள். 916-ல் மிச்சம் 84 பங்குதான், அதில் எதைச் சேர்த்தாலும் மஞ்சள் போகாது. அதனால் வெள்ளைத் தங்கம் பெரும்பாலும் 18 காரட்டிலோ 14 காரட்டிலோதான் கிடைக்கும், முத்திரையில் 750 என்றோ 585 என்றோ இருக்கும். காரட் குறைவு என்பதால் மட்டமான தங்கம் என்று நினைக்க வேண்டாம், கல்லை இறுக்கிப் பிடிக்க இந்தக் கெட்டித்தனம் தேவை.

ஹால்மார்க் 2021 ஜூனிலிருந்து படிப்படியாகக் கட்டாயமாகி, 2023 ஏப்ரல் 1-லிருந்து எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாள எண் (எச்.யு.ஐ.டி.) இல்லாமல் விற்கக் கூடாது என்று வந்துவிட்டது. இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு விலக்கு உண்டு. அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்த்தால் எத்தனை காரட், எங்கே சோதித்தார்கள் என்று வரும். வெள்ளைத் தங்கம் வாங்குகிறவர்கள் இதைக் கடையிலேயே செய்துவிடுங்கள், ஏனென்றால் வெள்ளைத் தங்கத்துக்கு மேலே போடுகிற ரோடியம் முலாமையே வெள்ளி நகைக்கும் போடுகிறார்கள், வெறும் கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிப்பது சாதாரண ஆளால் முடியாது.

ரோடியம் என்று சொன்னேனே, கடையில் உங்களைச் சொக்க வைத்த பளீர் வெள்ளை அதுதான். பிளாட்டினம் குடும்பத்து உலோகம், 1804-ல் இங்கிலாந்தில் வொல்லாஸ்டன் என்பவர் கண்டுபிடித்தது. கார் புகையில் இருக்கும் நச்சைக் குறைக்கிற கருவிக்கு இது வேண்டும் என்பதால் 2021-ல் தங்கத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல் விலை ஏறியது. மோதிரத்தின் மேல் அது ஒரு மைக்ரான் கனத்துக்குப் பக்கத்தில் இருந்தாலே நல்ல முலாம், பல நேரம் அதைவிட மெல்லிசாகத்தான் இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்ததில் ஒரு பங்கு. அந்தப் படலம் பக்கத்து விரல் உரசியும், வண்டி கைப்பிடியைப் பிடித்தும், பாத்திரம் தேய்த்தும் போகத்தான் செய்யும். முதலில் உள்ளங்கைப் பக்கம் தேயும், அப்புறம் ஓரங்கள். சுவருக்கு வெள்ளை அடிப்பதைப் போன்ற காரியம் அது, சில வருஷத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டியதுதான். தோட்டிலும் பதக்கத்திலும் உரசல் குறைவு என்பதால் அங்கே ரொம்ப நாள் நிற்கும்.

திரும்ப முலாம் போடுவது பெரிய வேலை கிடையாது. கீறலை மெருகு சக்கரத்தில் எடுத்து, எண்ணெய்ப் பிசுக்கு துளிகூட இல்லாமல் கழுவி, செம்புக் கம்பியில் கோத்து ரோடியம் கரைசலில் தொங்கவிட்டு மின்சாரம் கொடுப்பார்கள், கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் இதை ஆசைக்கு ஆசை செய்துகொள்ளாதீர்கள் என்பேன். மெருகு போடும் ஒவ்வொரு முறையும் தங்கம் கொஞ்சம் தேய்ந்து போகிறது. மெல்லிய வளையமாக இருந்தால் பத்து வருஷத்தில் அது கம்பியாகிவிடும், கல்லைப் பிடிக்கிற நகங்களும் தேய்ந்துவிடும். உள்பக்கம் மட்டும் மஞ்சள் தெரிகிறது என்றால் விட்டுவிடலாம், வெளியே யாருக்கும் தெரியப் போவதில்லை. பல்லாடியம் கலந்த மோதிரமாக இருந்தால் முலாமே இல்லாமல்கூடப் போடலாம், அந்த லேசான சாம்பல் நிறம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நிக்கல் கலந்ததாக இருந்து, முலாம் தேய்ந்த இடத்தில் விரல் சிவந்து அரிக்கிறது என்றால் அது வேறு விஷயம், அப்போது தள்ளிப் போடாதீர்கள். நிக்கல் ஒத்துக்கொள்ளாத உடம்பு நிறைய பேருக்கு இருக்கிறது, ஐரோப்பாவில் 1994-லேயே இதற்குக் கட்டுப்பாடு கொண்டு வந்தார்கள். வாங்கும்போதே என்ன கலந்திருக்கிறது என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள்.

அடுத்தது குளோரின். வெள்ளைத் தங்கத்துக்கு இதைவிடப் பெரிய எதிரி வீட்டில் கிடையாது. பிளீச்சிங் பவுடர், பாத்ரூம் தரை கழுவும் திரவம், நீச்சல் குளத்துத் தண்ணீர் என்று எதில் குளோரின் இருந்தாலும், கலப்பில் இருக்கிற மற்ற உலோகங்களை அது அரிக்கும். குறிப்பாக நிக்கல் கலந்த வெள்ளைத் தங்கத்தில், இறுக்கம் இருக்கிற இடத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விடும். ஒரு மோதிரத்தில் எந்த இடம் எப்போதும் இறுக்கத்தில் இருக்கிறது? கல்லை வளைத்துப் பிடித்திருக்கும் நகங்கள். அதனால் ஒருநாள் காரணமே இல்லாமல் ஒரு நகம் பட்டென்று ஒடியும், கல் எங்கே விழுந்தது என்றே தெரியாது. "கீழகூட விழல அக்கா, இடிக்கக்கூட இல்ல" என்று சொல்கிறவர்களிடம் மாமா முதலில் கேட்பது, "பாத்ரூம் கழுவும்போது கழட்டுவியாம்மா?" என்றுதான். பதில் அநேகமாக இல்லை என்றே வரும்.

நகம் சரியாக இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். காதுக்குப் பக்கத்தில் வைத்து மோதிரத்தை லேசாகத் தட்டுங்கள், கல் ஆடினால் சன்னமாக ஒரு சத்தம் கேட்கும். அப்புறம் ஒரு பருத்தி நூலை கல்லைச் சுற்றி எல்லா நகத்தின் மேலும் இழுத்துப் பாருங்கள். நூல் எங்கேயாவது மாட்டினால் அந்த நகம் தூக்கிக்கொண்டிருக்கிறது. புடவையோ துப்பட்டாவோ அடிக்கடி மோதிரத்தில் மாட்டுகிறது என்றாலும் அதே அர்த்தம்தான், அன்றைக்கே கழற்றி வைத்துவிட வேண்டும். நகத்தைச் சரிசெய்வது சின்ன செலவு, கல்லைத் தொலைப்பது அப்படி இல்லை.

கடலோரத்தில் இருக்கிற நமக்கு இன்னொன்று, மணல். உப்புத் தண்ணீர் நல்ல 18 காரட்டை உடனே ஒன்றும் செய்துவிடாது, ஆனால் மணல் செய்யும். கடல் மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ், அதன் கெட்டித்தன்மை மோஸ் அளவில் 7. ரோடியம் படலத்தை அது சுரண்டிவிடும், முத்தையும் பவளத்தையும் கீறிவிடும். மாசி மகத்தன்று வைத்திக்குப்பத்தில் தீர்த்தவாரிக்குப் போய்க் கடலில் இறங்குகிறவர்கள், கடலூர்ப் பக்கம் தேவனாம்பட்டினம் போகிறவர்கள், தயவுசெய்து மோதிரத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். தண்ணீரில் நின்றால் குளிர்ச்சிக்கு விரல் சுருங்கும், வழக்கமாக இறுக்கமாக இருக்கும் மோதிரம்கூட அலை இழுக்கிற இழுப்பில் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஒவ்வொரு வருஷமும் மாசி மகம் முடிந்த வாரத்தில் யாராவது ஒருவர் வந்து, தொலைந்த மோதிரத்தின் ஜோடியைக் காட்டி அதே போல் இன்னொன்று செய்யச் சொல்கிறார்கள்.

மோஸ் அளவு என்றேன். 1812-ல் பிரெட்ரிக் மோஸ் என்ற ஜெர்மானியர் வகுத்தது, எது எதைக் கீறும் என்பதை ஒன்றிலிருந்து பத்து வரை வரிசைப்படுத்தியது. வைரம் 10, மாணிக்கமும் நீலமும் 9, வைடூரியம் எட்டரை, புஷ்பராகம் என்று கடையில் விற்கும், நீலக்கல் இனத்தைச் சேர்ந்த மஞ்சள் கல்லும் 9, மரகதம் ஏழரையிலிருந்து 8, கோமேதகம் ஏழுக்குப் பக்கம். பவளம் மூன்றரை சுமார், முத்து அதைவிடக் குறையவும் செய்யும். இதில் 7 என்கிற எண்ணை மட்டும் நினைவில் வையுங்கள். அலமாரியில் படிகிற தூசியிலும் குவார்ட்ஸ் துகள் இருக்கிறது, எனவே ஏழுக்குக் கீழே இருக்கிற எந்தக் கல்லையும் தூசியோடு வைத்துத் துடைத்தாலே கீறல் விழும். முதலில் தண்ணீரில் நனைத்த மென்மையான துணியால் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் துடைக்க வேண்டும். புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டு மணிகளைப் பார்த்திருப்பீர்கள். 1945-ல் தொல்லியலாளர் வீலர் தோண்டிய அதே அரிக்கமேடு. கார்னீலியன், செவ்வந்திக்கல் எல்லாம் குவார்ட்ஸ் சாதிதான், ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷம் ஆற்றோர மண்ணுக்குள் கிடந்தும் இன்றைக்கும் மின்னுகின்றன. ஒரு முத்தை அந்த மண்ணில் அப்படிப் போட்டு வைத்தால் மிஞ்சியிருக்குமா என்று அங்கே போகும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

வைரத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். அதன் பெரிய பிரச்சினை, எண்ணெய்ப் பசையை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். என் வீட்டுக்காரர் ஒருமுறை ஒரு மோதிரத்தின் பின்பக்கத்தைக் கண்ணில் மாட்டும் லென்ஸில் என்னைப் பார்க்கச் சொன்னார். கல்லுக்குக் கீழே வெளிச்சம் வர விட்டிருக்கும் துவாரத்தில் சோப்பும் முகக் கிரீமும் சேர்ந்து மெழுகாகக் கெட்டிப்பட்டு, அதற்குள் சப்பாத்தி மாவு, ஒரு துணுக்கு குங்குமம், துண்டின் நூல். மேலே இருந்து பார்த்தால் கல் மங்கிவிட்டது என்று மட்டும்தான் தெரியும். வைரம் ஜொலிப்பது உள்ளே போன வெளிச்சம் பின்பக்க முகங்களில் பட்டுத் திரும்பி வருவதால். பின்பக்கத்தில் பிசுக்கு ஒட்டினால் வெளிச்சம் அந்த வழியாக வெளியே கசிந்துவிடும், ஜொலிப்பு அடங்கிவிடும். அதனால் தேய்க்க வேண்டியது பின்பக்கம்.

வைரம் வைத்த வெள்ளைத் தங்கத்தை வீட்டில் கழுவுவது இப்படித்தான். ஒரு கிண்ணத்தில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, கால் மணி நேரம் ஊறல். குழந்தைகளுக்கு விற்கும் மெத்தென்ற பல் துலக்கியால் பின்னாலிருந்து மெதுவாகத் தேய்த்து, இன்னொரு கிண்ணத் தண்ணீரில் அலச வேண்டும். குழாயடியில் அலச வேண்டாம், ஆடிக்கொண்டிருந்த கல் சாக்கடைக் குழாயில் போனால் போனதுதான். கிணற்று உப்புத் தண்ணீர் வருகிற வீடுகளில் கடைசி அலசலுக்கு மட்டும் குடிக்கிற தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் காய்ந்ததும் வெள்ளைத் திட்டு நிற்கும். பழைய பருத்தி வேட்டித் துணியில் ஒற்றி, நன்றாக உலர்ந்த பிறகு பெட்டியில் வைக்கலாம். பல் பசை, சமையல் சோடா, திருநீறு, எலுமிச்சை எதுவும் வேண்டாம். அதெல்லாம் வெள்ளிக் குத்துவிளக்குக்கும் பித்தளைக்கும் பழகின கையில் வருவது, ரோடியம் படலத்தை அவை தேய்த்தே எடுத்துவிடும்.

மரகதம் வேறு. பட்டறைக்கு வரும் கற்களில் என் மனசு அதிகம் கலங்குவது மரகதத்துக்குத்தான். இயற்கை மரகதத்தில் அநேகமாக எப்போதும் உள்ளே சன்னமான வெடிப்புகள் இருக்கும், அந்த வெடிப்பு கண்ணுக்குத் தெரியாமலிருக்க எண்ணெய் ஏற்றுவது தலைமுறை தலைமுறையாக வழக்கம், சந்தைக்கு வருவதில் பெரும்பாலானவை அப்படி எண்ணெய் ஏறினவைதான். அதில் தப்பு ஒன்றும் இல்லை, சொல்லி விற்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் தெருவில் ஒரு அம்மா, மகள் வளைகாப்புக்கு முன்னால் மரகத நெக்லஸை ஒரு பெரிய கடையில் இலவசமாகச் சுத்தம் செய்து தருகிறார்கள் என்று கொடுத்திருக்கிறார். அங்கே வேலை செய்யும் பையன் அதை வைர நகைகளோடு சேர்த்து, அதிர்வால் அழுக்கெடுக்கும் அல்ட்ராசோனிக் மெஷினில் போட்டுவிட்டான். வெந்நீரும் சோப்பும் அதிர்வும் சேர்ந்து எண்ணெய் வெளியே வந்து, நடுக்கல்லில் அதுவரை தெரியாத வெடிப்பெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. "கல் முதலிலிருந்தே இப்படித்தான் இருந்தது" என்று கடையில் சொல்லிவிட்டார்கள். அவர் எங்களிடம் வந்து அழுதபோது மாமா லென்ஸில் பார்த்துவிட்டு, "கல் உடையலம்மா, எண்ணெய்தான் போயிருக்கு. திரும்ப ஏத்தலாம், கவலைப்படாத" என்றார். அதை ஏற்றித் தருகிறவர்கள் கைக்குப் போய்த் திரும்பி வந்தது, முன்னைப்போல் முழுசாக இல்லாவிட்டாலும் ஓரளவு தெளிந்தது. வளைகாப்புக்குப் போட முடியவில்லை.

அந்த மெஷின் கெட்டது என்று சொல்லவில்லை, எங்களிடமும் இருக்கிறது. வெடிப்பில்லாத வைரத்துக்கு அது நல்லது. மரகதம், முத்து, பவளம், ஓப்பல், சந்திரகாந்தக்கல், கண்ணாடி நிரப்பின மாணிக்கம் எதையும் அதில் போடக் கூடாது. கடையில் இலவசமாகச் சுத்தம் செய்து தருகிறோம் என்று கையை நீட்டினால், எதில் போடப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். மரகதத்துக்கு வீட்டில் ஈரத்துணி போதும். நகப்பூச்சு அழிக்கும் திரவம், கைக்குத் தெளிக்கும் சானிடைசர் இரண்டும் மரகத மோதிரம் போட்ட கைக்கு ஆகாது, எண்ணெயை இழுத்துவிடும்.

கண்ணாடி நிரப்பின மாணிக்கம் என்றது பலருக்குப் புதுசாக இருக்கும். மட்டமான மாணிக்கத்தின் வெடிப்புகளில் ஈயக் கண்ணாடியை உருக்கி நிரப்பித் தெளிவாக்கி விற்கிறார்கள், பெரிய கல் கொஞ்சம் விலைக்குக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். சாதாரண மாணிக்கம் 9 கெட்டித்தன்மை உள்ளது, வீட்டில் படுகிற எதற்கும் சுலபத்தில் அசையாது. இந்தக் கல்லோ எலுமிச்சைச் சாறு பட்டால்கூட மேலே இருக்கும் கண்ணாடி அரித்துத் தடம் விழும், பத்தர் ஊதுகுழல் தீ பட்டால் சிதைந்தே போகும். சூடு மட்டும் காட்டிய கல்லா, ஏதாவது நிரப்பின கல்லா என்பதை ஆய்வகச் சான்றிதழில் எழுதியிருப்பார்கள். அது இல்லாமல் பெரிய மாணிக்கம் வாங்க வேண்டாம்.

இனி ராசிக்கல் மோதிரம். ஜோசியர் சொன்னார் என்று முத்தும் பவளமும் போடுகிறோம், கல் தோலில் பட வேண்டும் என்று அடிப்பக்கம் திறந்து கட்டுகிறோம், கழற்றவே கூடாது என்று குளிக்கும்போதும் போட்டுக்கொள்கிறோம். நம்பிக்கையைப் பற்றி நான் பேசவில்லை, என் கையிலும் பவளம் இருக்கிறது. ஆனால் முத்தும் பவளமும் சுண்ணாம்புச் சத்து, அமிலம் எதுவானாலும் கரைக்கும். வியர்வை, புளி, எலுமிச்சை, வாசனைத் திரவியம் எல்லாம் நாளடைவில் மேல் பளபளப்பைத் தின்றுவிடும். முத்தைக் கழற்றி, அடியில் தோல் பட்ட பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் மேல் பக்கத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் தெரியும். போடுவதற்கு முன் ராத்திரி முழுக்கப் பாலில் ஊற வைக்கிற வழக்கமும் இருக்கிறது. வைரத்துக்கும் நீலத்துக்கும் அதனால் ஒன்றுமில்லை. முத்து, பவளத்துக்கு நம் ஊர்ச் சூட்டில் விடிவதற்குள் பால் திரிந்து புளித்துவிடும், அந்தப் புளிப்பும் அமிலம்தான். சாஸ்திரத்துக்குக் கொஞ்ச நேரம் நனைத்து எடுத்து நல்ல தண்ணீரில் கழுவிவிடலாம் என்று மாமா சொல்வார். குளிக்கும்போதும் சமைக்கும்போதும் கழற்றி வைத்தால் அந்தக் கல் உங்கள் பேரப்பிள்ளை கைக்குப் போகும்.

நவரத்தின மோதிரத்தில்தான் இது உச்சத்துக்கு வருகிறது. ஒன்பது கல், ஒன்பது குணம், ஒரே மோதிரம். நடுவில் மாணிக்கம் 9, ஓரத்தில் வைரம் 10 என்று தைரியமாகத் தேய்ப்பார்கள், பக்கத்தில் முத்து வெளுத்துப் போயிருக்கும். இதை முத்துக்கும் பவளத்துக்கும் எது ஒத்துவருமோ அப்படி மட்டுமே பார்த்துக்கொள்ள வேண்டும். ஊற வைக்கக் கூடாது, மெஷின் கூடாது, பூந்திக் கொட்டை கூடாது. ஈரத் துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுப்பது, அவ்வளவே. வருஷத்தில் ஒரு நாள் கோயிலுக்குப் போட்டாலும் போட்டுவிட்டுத் துடைத்து வையுங்கள்.

முத்து மாலையை ஒப்பனை எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகப் போட்டு, வீட்டுக்கு வந்ததும் முதலில் கழற்ற வேண்டும். தொங்கவிடாமல் படுக்க வைக்க வேண்டும், நூல் நீண்டுவிடும். ஈரத்தோடு நகைக்கடை ரோஸ் காகிதத்தில் சுற்றினால் சாயம் ஏறலாம், வெள்ளைப் பருத்தித் துணி நல்லது. பாட்டி காலத்துக் கெம்பு அட்டிகை, அடி மூடிக் கட்டின தோடு இதையெல்லாம் தண்ணீரிலேயே போடாதீர்கள். கல்லுக்குப் பின்னால் பளபளப்புக்குத் தகடும் அதற்குக் கீழே அரக்கும் வைத்திருப்பார்கள், ஈரம் உள்ளே இறங்கினால் தகடு கறுத்து, கல் செத்துப் போய்விடும். பரதநாட்டியத்துக்குப் போடுகிற பெண்கள் அரங்கேற்றம் முடிந்ததும் வியர்வையை உலர்ந்த துணியால் துடைத்துக் காற்றாட வைத்துவிட்டுப் பெட்டியில் வைத்தால் போதும். எல்லா நகையும் தனித்தனிப் பையில் இருக்கட்டும், ஒரே டப்பாவில் கிடந்தால் வைரம் மற்ற எல்லாவற்றையும் கீறிவிடும்.

விரலுக்கு ஏற்றபடி அளவு மாற்றுவதில் தனியாக ஒரு சங்கதி இருக்கிறது. எங்கள் எதிர்வீட்டு அத்தை சொல்தா குடும்பம், அவர் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அங்கிருந்து வந்த ஒரு நீலக்கல் மோதிரத்தைப் பேத்திக்குக் கொடுக்க வேண்டும், விரலுக்குப் பெரிதாக இருக்கிறது, சின்னதாக்கிக் கொடு என்று கொண்டுவந்தார். வெள்ளையாக இருந்ததால் வெள்ளைத் தங்கம் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். மாமா லென்ஸை மாட்டி வளையத்தின் வெளிப்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஊசிமுனை அகலத்துக்கு ஒரு கழுகுத் தலை, பக்கத்தில் ஒரு நாய்த் தலை. கழுகுத் தலை பிரான்ஸில் 1838-லிருந்து 18 காரட் தங்கத்துக்குக் குத்துகிற முத்திரை, நாய்த் தலை 1912-லிருந்து பிளாட்டினத்துக்கு. இரண்டும் இருந்ததால் வளையம் தங்கம், கல்லைப் பிடித்திருக்கும் மேல்பாகம் பிளாட்டினம் என்று தெரிந்தது. புதுச்சேரியில் பழைய பிரெஞ்சு நகை வைத்திருக்கிறவர்கள் பட்டறைக்குக் கொடுப்பதற்கு முன்னால் இந்தத் தலைகளைத் தேடிப் பாருங்கள், தெரியாமல் மெருகு போட்டால் முத்திரை அழிந்துவிடும், அதோடு அந்த நகையின் சரித்திரமும் போய்விடும்.

மாமா அதற்குப் பிறகு செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. "கல்லைக் கழட்டிட்டுத்தான் தீ காட்டணும்" என்று என் வீட்டுக்காரரிடம் கண்டிப்பாகச் சொன்னார். வைரம் பதித்த மோதிரத்தைப் பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கும்போது கல்லின் மேல் போரிக் பூச்சு கொடுப்பது வழக்கம், தீயில் வைரத்தின் மேல்தோல் கருகாமல் அது காப்பாற்றும். அதே பழக்கத்தில் நீலத்துக்கும் மாணிக்கத்துக்கும் போரிக்கோ வெங்காரமோ பட விட்டுச் சூடேற்றினால் அது கல்லின் மேல்பரப்பையே கரைத்துவிடும், மினுமினுப்பு போய் மங்கல் விழும், திரும்ப அந்தக் கல்லைப் பட்டை தீட்டினால்தான் உண்டு. வைரத்தைக் காப்பாற்றுவதே நீலத்துக்கு விஷம். அதனால் மாணிக்கம், நீலம், மரகதம் வைத்த மோதிரத்தை அளவு மாற்றக் கொடுக்கும்போது, கல்லைக் கழற்றிவிட்டுத்தானே செய்வீர்கள் என்று கேளுங்கள். கேட்டால் நல்ல பத்தர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எங்கே கொடுத்தாலும் சீட்டு வாங்காமல் வராதீர்கள். நான் எழுதுகிற சீட்டில் இவ்வளவு இருக்கும்: நகையின் எடை மில்லிகிராம் வரை, எத்தனை கல், ஒவ்வொன்றும் என்ன கல், ஏற்கெனவே கீறலோ உடைசலோ எங்கே இருக்கிறது, செய்ய வேண்டிய வேலை, முத்திரையில் இருக்கும் எண். அதோடு கொடுக்கிறவர் எதிரிலேயே போனில் முன்னும் பின்னும் ஒரு படம். திரும்ப வாங்கும்போது எடை கொஞ்சம் குறைந்திருந்தால் மெருகில் போனது எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வீட்டில் நகைப் பெட்டியிலும் ஒவ்வொரு நகைக்கும் ஒரு துண்டுக் காகிதம் வையுங்கள், எத்தனை காரட், நிக்கலா பல்லாடியமா, கல்லுக்கு எண்ணெயா சூடா, கடைசியாக எந்த வருஷம் ரோடியம் போட்டது என்று. அத்தையின் பேத்தி மோதிரத்தை எடுத்துக்கொண்டு லியோன் போனாள். பெட்டிக்குள் மாமா கையெழுத்தில் ஒரு சீட்டு, பக்கத்தில் அவளுக்காக நான் பிரெஞ்சில் எழுதிய இன்னொன்று: கீழ் வளையம் தங்கம், மேலே பிளாட்டினம், நீலக்கல், தீ காட்டும் முன் கல்லைக் கழற்றவும், முத்திரை மேல் மெருகு போட வேண்டாம்.